போர்ச்சுகல் சிவப்பில் புகை

ஜூன் 13, வெள்ளி

ஹோட்டல்காரர்கள் என் ஒயினை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நடந்தது இதுதான். மாலை ஏழு மணிக்குக் கடலோர ஹோட்டலின் பாரில் ருசி பார்க்கும் கூட்டம். குழுவில் ஐந்து பேர். புதுச்சேரி வியாபாரிகள் நான்கு பேர் ஆளுக்கொரு சிவப்பு ஒயின் கொண்டுபோயிருந்தோம். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், கடைசியாக என்னுடைய போர்ச்சுகல். இலேசானதில் தொடங்கிக் கனமானதில் முடிப்பது வழக்கம். என்னுடையது கனம், அதனால் கடைசி. விற்கிறவர்களுக்கு உள்ளே இடமில்லை என்று வரவேற்பறை சோபாவில் உட்காரவைத்து எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார்கள்.

எட்டு மணிக்கு ஹேமச்சந்திரன் வெளியே வந்தார். ஹோட்டலில் குடிவகைகள் முழுக்க அவர் பொறுப்பு. நல்ல டை கட்டியிருந்தார்.

"மேடம், ஸாரி. புகை அடிக்குது."

"எதுல?"

"உங்க ஒயின்லதான். அஞ்சு பேரும் அதையே சொல்றாங்க. மத்த மூணுலயும் ஒண்ணும் இல்ல. அந்தப் பக்கம் காடு எரிஞ்ச வருஷமா இருக்கும்னு பேசிக்கிட்டாங்க."

திராட்சைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் காடு எரிந்தால் புகை பழத்தோலில் ஏறி ஒயினில் இறங்கும். அதை எடுக்க வழியே கிடையாது. எங்கள் தொழிலில் இந்த ஒரு சொல் போதும், சரக்கு படுத்துவிடும்.

அவருக்குப் பின்னால் செலஸ்தின் வந்தான். என் வீட்டுக்காரர் லூயி இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இவன் அவருடைய தம்பி. பிரான்சில் நான்கு வருஷம் ஒயின் படித்தவன். அந்தக் குழுவில் உட்கார ஹோட்டல் அவனுக்குச் சம்பளம் தருகிறது. "வரேன் அண்ணி" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தான்.

போன வருஷம் வரை எனக்கு ஒயின் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் இவன்தான். ஒரு வாடிக்கையாளர் முன்னால் "அண்ணிக்கு வியாபாரம் தெரியும், ஒயின் எனக்குத் தெரியும்" என்றான். சரி என்று பிப்ரவரியில் நான் தனியாகவே போர்ச்சுகல் போனேன். மனுவேல் என்பவரின் தோட்டத்தில் மூன்று நாள் உட்கார்ந்து, ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும் முப்பது பெரிய பீப்பாய் ருசித்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். நானூறு பெட்டி. இந்த ஹோட்டல் குழுமத்துக்கு ஏழு ஊரில் ஹோட்டல் இருக்கிறது, அதை நம்பித்தான் இறக்கினேன். இவர்கள் வேண்டாமென்றால் ஊரில் வேறு யாரும் தொடமாட்டார்கள். பார் வாசலில் கோழி வறுவல் வண்டி போட்டு ஆரம்பித்தவள் நான். திரும்பவும் வண்டி தள்ளுகிற வயசு இல்லை.

வீட்டுக்கு வந்து ஒரு பாட்டில் திறந்தேன். நிறம் பார்த்தேன், மோந்தேன், நாக்கில் வைத்தேன், துப்பினேன். புகை தெரியவில்லை.

எனக்குத் தெரியவில்லை என்றுதான் எழுதுகிறேன். இல்லை என்று எழுதவில்லை.

ஜூன் 14, சனி

காலையில் பெருங்காய டப்பாவைத் திறந்து பார்த்தேன், கட்டி பிடித்திருக்கிறதா என்று. பிறகு காபித்தூள், கடுகெண்ணெய், ஃபினாயில் பாட்டில். எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன. மதியத்துக்குக் கடையில் பிரியாணி வாங்கிக்கொண்டேன், சமைக்கவில்லை.

குளிர் கிடங்கின் இரண்டாவது ஏ.சி. சத்தம் போடுகிறது. ஆள் வரச்சொன்னேன். சிவப்பு ஒயினை இந்த ஊர் வெயிலில் ஒரு வாரம் வைத்தால் ஜாம் ஆகிவிடும்.

மனுவேலிடமிருந்து போன். அதற்குள் அவருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அவருக்கு இங்கிலீஷ் வராது, எனக்குப் போர்த்துகீசு வராது. இரண்டு பேரும் அரைகுறைப் பிரெஞ்சில் பேசிக்கொள்வோம். குரல் உடைந்திருந்தது. அந்த வருஷம் மலைக்கு அந்தப் பக்கம் தீப்பிடித்தது உண்மையாம். காற்று எதிர்த்திசையில் போனது என்று நம்பியிருந்தாராம். "அம்மா, என் மேல் தப்பு இருக்கலாம். விலையில் மூன்றில் ஒரு பங்கு திருப்பித் தருகிறேன். புகை இருக்கிறது என்று ஒரு கடிதம் எழுதுங்கள், போதும்" என்றார்.

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

மாதாகோவிலுக்குப் பூசைக்குப் போனேன். வரும் வழியில் மீன் மார்க்கெட். சுறா இருந்த பக்கம் கொஞ்சம் அதிக நேரம் நின்றேன். மீன்காரி "இன்னாக்கா, வாங்கறியா, வேடிக்க பாக்கறியா?" என்றாள். வாங்கினேன்.

ஜூன் 17, செவ்வாய்

செலஸ்தினுக்குப் போன் போட்டு வரச்சொன்னேன். வரமாட்டான் என்று நினைத்தேன், வந்தான். வாசல்படியிலேயே மூக்கைச் சுருக்கினான்.

"என்னா அண்ணி, மாதா படத்துல மல்லிப்பூ மூணு நாளா வாடி நாறுது. உங்களுக்குத் தெரியலையா?"

"வேலைக்காரி வரல."

"வேலைக்காரி வராதது வேற, தெரியாதது வேற. மே மாசம் காய்ச்சல்ல கெடந்தீங்களே, அதுக்கப்புறம் மூக்கு எப்டி இருக்குது?"

"உன்ன மூக்கப் பத்திக் கேக்கக் கூப்புடல. ஒயினப் பத்திக் கேக்கக் கூப்ட்டேன். ஒக்காரு."

நான் ஒயின் பார்க்கும் முறை இதுதான். கிளாஸைச் சாய்த்து, அடியில் வெள்ளைத்தாள் வைத்து நிறம் பார்ப்பேன். ஓரத்தில் செங்கல் நிறம் வந்திருந்தால் வயசு, ஊதா இருந்தால் இளசு. பிறகு மூக்கு: அசைக்காமல் ஒரு தரம், சுழற்றி ஒரு தரம். பிறகு நாக்கு: புளிப்பு எங்கே குத்துகிறது, துவர்ப்பு ஈறைப் பிடிக்கிறதா இல்லை கன்னத்தைப் பிடிக்கிறதா. பிறகு துப்பிவிட்டுக் காத்திருப்பேன், வாயில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று. இதெல்லாம் செலஸ்தின் சொல்லிக்கொடுத்தது, மறைக்க ஒன்றுமில்லை. கடைசியாக ஒன்று நானே சேர்த்தது: இதைக் குடித்தவன் இரண்டாவது கிளாஸ் கேட்பானா? வறுவல் வண்டி போட்ட காலத்திலிருந்து எனக்கு அந்த ஒரு கேள்வி போதும்.

அவன் கிளாஸில் மூக்கை முழுக்க விட்டான். கண்ணை மூடினான். துப்பினான். மறுபடியும் ஒரு வாய்.

"நாவப்பழம்," என்றான்.

"அது எனக்கும் தெரியுது."

"நாவப்பழம், மிளகு, ஈரக் கருங்கல்லு. நடுவுல ஒரு ஊதாப்பூ வாசனை வந்துட்டுப் போவுது. துவர்ப்பு கெட்டியா இருக்குது, ஆனா சொரசொரன்னு இல்ல. அண்ணி, இது நல்ல ஒயின்."

"புகை?"

"இல்ல."

"அப்ப வெள்ளிக்கிழம?"

"வெள்ளிக்கிழம இருந்தது. நான் பொய் சொல்லல. உங்க மேல கோவத்துல சொன்னேன்னு நெனச்சீங்களா?"

"நெனச்சேன்."

"நல்லா இருக்குது." கிளாஸை வைத்தான். "நான் கோவப்பட்டா ஒங்க வீட்டுக்கு வராம இருப்பேன். ஒயின்ல கோவத்தக் காட்ட மாட்டேன். அன்னைக்குக் குடுத்த ஒயின்ல புகை இருந்துது. இதுல இல்ல. அப்டின்னா ஒரு பாட்டில்ல இருக்குது, இன்னொண்ணுல இல்ல. அது இன்னும் மோசம்."

அது எனக்கும் தெரியும். எல்லாம் கெட்டிருந்தால் சொல்லிவிட்டு மலிவாகத் தள்ளலாம். எது கெட்டது என்று தெரியாத நானூறு பெட்டியை என்ன செய்வது?

போகும்போது மல்லிப்பூவை அவனே எடுத்துக் குப்பையில் போட்டான். சுறாப்புட்டு கொடுத்தேன். உப்பு கம்மி என்று சொல்லிக்கொண்டே முழுக்கச் சாப்பிட்டான்.

ஒரு விஷயத்தில் நிம்மதி. இல்லாத புகையை நானும் மோக்கவில்லை, அவனும் மோக்கவில்லை. இருக்கிற புகையை நான் மோப்பேனா என்பது வேறு கேள்வி.

ஜூன் 18, புதன்

ஏ.சி. சரியாகிவிட்டது. மனுவேல் இரண்டு தடவை கூப்பிட்டார், எடுக்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

ஹோட்டலுக்கு மாதிரியாகக் கொடுத்த ஆறு பாட்டிலில் மூன்று திறக்காமல் இருந்தன. "வேண்டாத சரக்கை ஏன் வச்சிருக்கீங்க, குடுங்க" என்று ஹேமச்சந்திரனிடம் கேட்டு வாங்கிவந்தேன். ஒரே அட்டைப்பெட்டி, ஒரே பீப்பாய் எண், ஹோட்டல் அலமாரியில் இருந்த அதே பாட்டில்கள். செலஸ்தினையும் வரச்சொல்லி, மூன்றையும் திறந்தோம்.

மூன்றிலும் புகை இல்லை.

"அந்த அன்னைக்குத் திறந்த மூணும் கெட்டது, இந்த மூணும் நல்லதா? அப்டி எப்டி பொறுக்கி எடுக்க முடியும்?" என்றேன்.

அவன் தாடையைச் சொறிந்தான். "முடியாது."

"ஒயின் அதேதான். நாக்கும் அதேதான். அப்ப மாறினது இடம்தான்."

"இடத்துல புகை எங்கேர்ந்து அண்ணி வரும்? ஏ.சி. ரூமு. சிகரெட்டுக்கே தடை."

நாளைக்கு வெள்ளி. அதே நேரத்துக்கு, அதே பாருக்குக் காசு கொடுத்துக் குடிக்கப் போகிறேன். அவன் தானும் வருவதாகச் சொன்னான். நீ அவர்கள் ஆள், நீ வந்தால் உஷாராகிவிடுவார்கள் என்று சொல்லி வேண்டாமென்றேன். அது பாதிக் காரணம்தான்.

ஜூன் 20, வெள்ளி

எதையும் விடாமல் எழுதவேண்டும்.

ஆறு மணிக்கே போனேன். பார் ஆறரைக்குத்தான் திறக்குமாம். வயசான பெண்பிள்ளை தனியாக வந்திருக்கிறாளே என்று விரட்டாமல் ஓரத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பார்மேன் பெயர் தணிகாசலம். திருவள்ளூர்ப் பக்கத்துக்காரர், நெற்றி நிறைய விபூதி, இடுப்பில் கறுப்பு ஏப்ரன்.

"யாருனா வர்றாங்களா மேடம்?"

"இல்ல, நான் மட்டும்தான்."

"சரி சரி. பத்து நிமிசம். பூஜ முடிச்சிட்டு வந்துட்றேன்."

சமையலறையிலிருந்து தூபக்கால் எடுத்துவந்தார். கனல் சிவக்க இருந்தது. சாம்பிராணியைத் தூவினார், வெள்ளையாகப் புகை எழுந்தது. மூலைக்கு மூலை காட்டினார். பிறகு கல்லாப்பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார். வேறெங்கும் நிற்காத அளவுக்கு அங்கே நின்றார். கடையில் கல்லாவுக்குத்தான் முதல் மரியாதை, எங்கள் கடையிலும் அப்படித்தான்.

கல்லாப்பெட்டி பார் மேடைக்கு நடுவில் இருக்கிறது. அதற்கு நேர் மேலே, கூரையிலிருந்து இறங்கும் மரச்சட்டத்தில், பெரிய வயிறு வைத்த கிளாஸ்கள் தலைகீழாகத் தொங்குகின்றன. ஐம்பது இருக்கும். புகை நேராக ஏறி, வாய் திறந்து தொங்குகிற ஒவ்வொரு கிளாஸுக்குள்ளும் போய்த் தங்கியது. ஏ.சி. காற்று எல்லாவற்றையும் கலைத்தது, கிளாஸுக்குள் இருந்ததை மட்டும் கலைக்கவில்லை.

நான் உட்கார்ந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆனால் கண்ணால் பார்த்தது போதாது, மூக்கால் பார்க்கவேண்டும்.

அரை மணி கழித்து வந்தார். "இன்னா சாப்புட்றீங்க மேடம்?"

மெனுவில் இருந்த பிரெஞ்சு போர்தோவைக் கேட்டேன். வருஷக்கணக்காக அந்த ஹோட்டல் விற்கிற ஒயின், எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"சூப்பர் சாய்ஸ். கனமான சிவப்பு, அதனால பெரிய கிளாஸ்லதான் ஊத்துவோம்." மேலேயிருந்து ஒன்றை உருவி எடுத்தார். துடைக்கவில்லை, ஏற்கனவே பளபளவென்றுதான் இருந்தது. ஊற்றினார். "இதுல லேசா ஸ்மோக்கி நோட் வரும் மேடம். மெனுலயே போட்டுக்கீது."

மெனுவைப் பார்த்தேன். இங்கிலீஷில் போட்டிருந்தது: முடிவில் இலேசான புகைச்சாயல். அந்த மெனுவை எழுதியவன் என் கொழுந்தன் செலஸ்தின்.

கிளாஸைத் தூக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. இப்போது இந்த நோட்டில் எழுதிவிடுகிறேன், வேறு யாரிடமும் சொல்லப்போவதில்லை. மே மாசக் காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு ஒரு வாசனையும் இல்லாமல் போயிருந்தது. பெருங்காயமும் இல்லை, ஃபினாயிலும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. திரும்பியது வாசனையா, பழைய ஞாபகமா என்று என்னாலேயே பிரிக்க முடியவில்லை. மூக்கு போன ஒயின் வியாபாரி, கை போன தட்டான் மாதிரி. அதனால்தான் போன வெள்ளிக்கிழமை "எனக்குத் தெரியவில்லை" என்று எழுதினேன்.

மூக்கை உள்ளே விட்டேன்.

புகை! சாம்பிராணிப் புகை. பச்சையாக, சந்தேகமே இல்லாமல், முகத்தில் அடித்தது. அதற்கும் கீழே கறுப்புத் திராட்சை, பழைய மரம், கொஞ்சம் ஈர மண். எல்லாம் தனித்தனியாக வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னா மேடம், நல்லா இல்லயா?"

"நல்லாருக்குய்யா. ரொம்ப நல்லாருக்கு. இதையே அந்தச் சின்ன கிளாஸ்ல கொஞ்சம் ஊத்து."

சின்ன கிளாஸ்கள் உள்ளே கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன, கதவு மூடி. ஊற்றினார். மோந்தேன். புகை இல்லை. அதே பாட்டில், அதே நிமிஷம்.

அன்றைக்கு நடந்தது இப்போது புரிந்தது. மற்ற மூன்று ஒயினும் இலேசானவை, சின்ன கிளாஸ். என்னுடையது மட்டும் கனம், பெரிய கிளாஸ்.

"தணிகாசலம், வெள்ளிக்கு வெள்ளி போடுவியா சாம்பிராணி?"

"ஒரு வெள்ளி வுட்டதில்ல மேடம். ஒம்போது வருசம். இந்தக் கல்லா ஒரு நாள் கொறஞ்சதில்ல."

ஒருவரிடமும் வாய் திறக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டிப்ஸ் ஐந்நூறு வைத்தேன். அவர் வாசல் வரை வந்து ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.

ஜூன் 21, சனி

பெருங்காய டப்பாவை இன்று திறக்கவில்லை.

மனுவேல் சொன்ன மூன்றில் ஒரு பங்கைப் பற்றி அரை நாள் யோசித்தேன். பொய் எழுத வேண்டியதில்லை, யோசித்தேன். ஒயின் நல்லது, ஹோட்டலும் வாங்கப்போகிறது, அந்தக் காசும் வந்தால் இரட்டை லாபம். அவருக்கு உண்மை தெரியவே வராது.

ஆனால் காசு வாங்கவேண்டுமானால் கடிதம் எழுதவேண்டும்: உன் ஒயினில் புகை இருக்கிறது என்று. என் கையெழுத்தோடு அப்படி ஒரு தாள் உலகத்தில் இருக்கும்வரை அந்த ஒயினை நான் முழு விலைக்கு விற்க முடியுமா? நாளைக்கு எவனாவது அதை எடுத்துக்கொண்டு வருவான். அதோடு, ஒரு வாரமாகத் தன் மலையையே சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறார் ஒரு மனிதர். அது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சாயங்காலம் கூப்பிட்டேன்.

"உங்கள் ஒயினில் புகை இல்லை. இங்கே சாமிக்குக் காட்டிய புகை கிளாஸில் தங்கிவிட்டது."

அவருக்குப் புரிய வெகுநேரம் பிடித்தது. மாதாகோவிலில் காட்டுகிற தூபம் மாதிரி என்றதும் புரிந்தது. சிரித்தாரா அழுதாரா என்று சொல்ல முடியவில்லை. "அப்படியானால் பணம்?" என்றார்.

"பணம் வேண்டாம். வேறொன்று கேட்கப்போகிறேன். திங்கட்கிழமை பேசுவோம்."

ஜூன் 23, திங்கள்

ஹேமச்சந்திரனைப் பார்த்தேன். நாற்காலி காட்டினார், காபி சொல்லவில்லை.

"இன்னொரு தரம் ருசி பாக்கணும்."

"மேடம், அஞ்சு பேர் சொன்னது. திரும்பக் கூட்ட முடியாது. சென்னையிலிருந்து மிருணாளினி மேடம் வந்து போயிருக்காங்க, ஏழு ஹோட்டலுக்கும் கொள்முதல் அவங்க கையிலதான்."

"அவங்க வர்ற செலவ நான் குடுக்கறேன். அதே பாரு, அதே வெள்ளிக்கிழம, அதே ஏழு மணி, உங்க கிளாஸ்லயே. இந்தத் தரம் நான் உள்ள இருப்பேன். அப்பவும் புகை இருந்தா, நானூறு பெட்டியையும் உங்க கண்ணு முன்னாடி கடல்ல கவுத்துட்றேன்."

"கடல்ல கவுக்கக்கூடாது மேடம். பொல்யூஷன் கன்ட்ரோல் பிரச்சன வரும்."

"சரி, சாக்கடைல."

சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு காபி வந்தது.

செலஸ்தின் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்தான். கூப்பிடாமலே. "அன்னைக்குப் போனீங்களே, என்னா கண்டுபுடிச்சீங்க?"

"வெள்ளிக்கிழம வா."

"எனக்கே சொல்ல மாட்டீங்களா?"

"ஒயின் உனக்குத் தெரியும்னு சொன்னியே. கண்டுபுடி."

ஜூன் 25, புதன்

மனுவேலிடம் நான் கேட்டது: இந்தியாவின் தென்பகுதி முழுக்க அவருடைய ஒயின் என் கை வழியாக மட்டும்தான் வரவேண்டும். அவர் மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். கேட்கட்டும். நான் என்றால் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடமாட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். ஆறேகாலுக்குத் தணிகாசலம் சாம்பிராணி போட்டார். ஒன்றும் சொல்லாமல் ஓரத்தில் நின்று பார்த்தேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே போட்டார், இன்றைக்குப் பெரிய மேடம் வருகிறார் என்று.

ஏழு மணிக்கு ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். மிருணாளினி நடுவில். ஐம்பது வயசு இருக்கும், நரைத்த தலையைக் கட்டையாக வெட்டியிருந்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்தப் பக்கம் ஹேமச்சந்திரன். செலஸ்தின் ஓரத்தில், கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தணிகாசலம், அஞ்சு பெரிய கிளாஸ் எடுங்க," என்றேன். எடுத்தார். ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தார். "சீல் ஒடைக்காத தண்ணி பாட்டில் ஒண்ணு. கிளாஸுக்குக் கால்வாசி ஊத்துங்க."

"மேடம், இது தண்ணி," என்றார் ஹேமச்சந்திரன்.

"தண்ணிதான். ஒயின் மாதிரியே பாருங்க. மோந்து பாத்து மார்க் போடுங்க."

"டைம் வேஸ்ட் பண்ணாதீங்க."

மிருணாளினி அவரைக் கையமர்த்தினார். கிளாஸைத் தூக்கினார். சுழற்றினார். தண்ணீரை அப்படிச் சுழற்றி மோக்கிற காட்சியை நான் அதுவரை பார்த்ததில்லை. மூக்கு உள்ளே போனது. புருவம் மேலே போனது. மறுபடியும் மோந்தார்.

"புகை அடிக்குது," என்றார்.

"தண்ணிலயா?" என்றார் ஹேமச்சந்திரன்.

"தண்ணிலதான். இது எரிஞ்ச காடு வாசனை இல்ல. எனக்குத் தெரியும் இது... இருங்க, இருங்க." கண்ணை மூடினார். "வெள்ளிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிச்சிட்டு, கூடையக் கவுத்து முடி காயவைப்போமே! அந்த வாசனை. சாம்பிராணி!"

எல்லார் மூக்கும் அவரவர் கிளாஸுக்குள் இருந்தது. நான் கையை மட்டும் மேலே காட்டினேன். ஐந்து தலையும் நிமிர்ந்தது. தலைகீழாகத் தொங்கிய ஐம்பது கிளாஸ், அதற்கு நேர் கீழே கல்லாப்பெட்டி, அதன் பக்கத்தில் இன்னும் மினுமினுத்துக்கொண்டிருந்த தூபக்கால்.

முதலில் சிரித்தது செலஸ்தின்தான். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "அடப்பாவிகளா! நாலு வருஷம் படிச்சிட்டு வந்து சாம்பிராணிய மெனுல எழுதி வச்சேனே! போர்தோ, முடிவில் இலேசான புகைச்சாயல்!"

"அதப் படிச்சிட்டு எத்தன வெள்ளக்காரங்க 'ஆமா ஆமா'ன்னு தல ஆட்னாங்க தெரியுமா சார்?" என்றார் தணிகாசலம், தன்னை மறந்து. உடனே முகம் வெளுத்துவிட்டது. "மேடம், எனக்கு வேல போயிடுமா?"

"உங்க மேல ஒருத்தர் கை வைக்கட்டும், பாக்கறேன்," என்றேன். மிருணாளினியைப் பார்த்துத்தான் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், சிரித்துச் சிரித்து.

பெரிய கிளாஸ்களை வெந்நீரில் கழுவி, காயவைத்து, திரும்ப வைத்தார்கள். இப்போது என் ஒயின்.

தூரத்தில் நின்றபடியே எனக்கு நாவல்பழம் வந்தது, பின்னால் மிளகு. முதலில் துப்பியவர் மிருணாளினி. துப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார், வாயில் நிற்கிறதைப் பார்த்துக்கொண்டு. பிறகு கிளாஸை நீட்டினார், தணிகாசலத்தைப் பார்த்து.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. இந்தத் தரம் துப்பப் போறதில்ல."

இரண்டாவது கிளாஸ்! எனக்கு மார்க் எல்லாம் அதற்குப் பிறகு தேவைப்படவில்லை. இருந்தாலும் போட்டார்கள். முதல் வெள்ளிக்கிழமை வந்த நான்கு ஒயினையும் சேர்த்துப் பார்த்தால் அதிகம் என்னுடையது.

வெளியே வரும்போது செலஸ்தின் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யாமல் நின்றான்.

"அண்ணி, பீப்பாய் பாத்தீங்களே, முப்பதுல இது எத்தனாவது?"

"பதினேழாவது."

"அதுக்கு முன்னாடி பதினாறு வேண்டான்னு தள்ளினீங்களா?"

"ஆமா. பின்னாடி பதிமூணும் பாத்துட்டு, மறுபடியும் இதுக்கே வந்தேன்."

"நான் பத்தாவதோட நிறுத்தியிருப்பேன்," என்றான். ஏறி உட்காரச் சொன்னான். பட்டுச்சேலையோடு ஸ்கூட்டரில் கடற்கரை வழியாக வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 30, திங்கள்

மூன்று ஒப்பந்தம் முடிந்தது.

மனுவேல்: மனைவி சரி என்றாராம். ஐந்து வருஷத்துக்குத் தென்னிந்தியா முழுக்க அவர் ஒயின் என் வழியாக மட்டும். தள்ளுபடி எதுவும் இல்லை, கடிதமும் இல்லை. விலையை மூன்று வருஷத்துக்கு ஏற்றக்கூடாது.

செலஸ்தின்: என்னோடு திரும்ப வேலை. விற்கிற ஒவ்வொரு பாட்டிலுக்கும் பன்னிரண்டு ரூபாய். தேர்ந்தெடுக்கும்போது இரண்டு பேரும் பார்ப்போம், ஒத்துவராவிட்டால் என் சொல்தான். அவன் பதினைந்து கேட்டான். உப்பு கம்மி என்று சொன்னதற்காக மூன்றைப் பிடித்துக்கொண்டேன்.

ஹோட்டல் குழுமம்: ஹேமச்சந்திரன் பழைய விலைக்கே முடிக்கப் பார்த்தார், பாட்டில் ஆயிரத்து நானூற்று ஐம்பது. இரண்டு வாரம் என் ஒயினில் புகை என்று ஊர் முழுக்கப் பேசவைத்தீர்களே, அதற்கு யார் விலை போடுவது என்று கேட்டேன். போனில் இருந்த மிருணாளினி "நியாயம்தான்" என்றார். ஏழு ஹோட்டலுக்கும் சேர்த்து வருஷம் முந்நூறு பெட்டி, முப்பது நாளில் பணம். சாம்பிராணி போடுவதை நிறுத்தக்கூடாது, அது என் நிபந்தனை. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு முன் பெரிய கிளாஸ்களை இறக்கி அலமாரியில் பூட்டவேண்டும், அந்தப் பொறுப்பு தணிகாசலத்துக்கு, அதற்கு மாசம் இரண்டாயிரம் கூடுதல் சம்பளம் ஹோட்டல் தரவேண்டும். பாட்டில் விலை ஆயிரத்து அறுநூற்று நாற்பது.